தகரக் கூரையும் மழைச் சத்தமும்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்ததைக் கேட்டு மனசு நிறைந்தது. மாடியில் அவளுக்காக ஷீட் போட்டுக் கட்டிய அறையில், மழை வந்தால் போன்கூடப் பேச முடியவில்லை என்று எழுதியிருந்தாய். தெர்மோகோல் சீலிங் அடிக்கலாமா என்பதுதானே கேள்வி? வேண்டாம். அது வெயிலுக்குக் கொஞ்சம் உதவும், சத்தத்துக்கு உதவாது. அதற்கு எடையும் இல்லை, சத்தத்தை உள்வாங்கும் நாரும் இல்லை.

அரை மில்லிமீட்டர் இரும்பு ஷீட் சதுர மீட்டருக்கு நாலு, நாலரை கிலோதான் இருக்கும். 5 மி.மீ. மழைத்துளி நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. அவ்வளவு லேசான தகடு பறைத்தோல் மாதிரி அதிராமல் என்ன செய்யும்? 10 செ.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ, துளிக்கெல்லாம் அது அசையாது. ஓடு சின்னச் சின்னத் துண்டுகளாக இருப்பதால் அதிர்வு பரவ இடமில்லை. சந்து வழியாக வருகிற சத்தம் மட்டும் கேட்கும். கீற்றுக் கூரை துளியை உடைத்து வாங்கிக்கொள்ளும். அதற்காகத் தகரத்தின் மேல் கீற்றைப் பரப்பிவிடாதே. ஈரம் தங்கித் தகரம் துருப்பிடித்துவிடும்.

அடுத்த மழையில் ஒரு சோதனை செய். ஏணியில் ஏறி, கீழிருந்து உள்ளங்கையை ஷீட்டில் அழுத்திப் பிடி. அந்த இடத்தில் மட்டும் சத்தம் மந்தமானால் அதிர்வுதான் காரணம். கடகடவென்று ஆடுகிற சத்தம் என்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும், அதை மாற்று. முறுக்கும்போது வாஷர் விளிம்பில் லேசாகப் பிதுங்கினால் போதும், அதற்கு மேல் முறுக்கினால் ஷீட் குழிந்து தண்ணீர் தேங்கும். பிடி விட்டுப்போன ஓட்டையில் ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ போடு.

அதிர்வுக்கு, அலுமினியத் தாள் ஒட்டிய ப்யூட்டைல் டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்குகிற, ஒட்டும் ரப்பர் தாள்), 2 மி.மீ. தடிமனில் வாங்கு. தார் கலந்தது விலை குறைவுதான், ஆனால் தகரம் கொதிக்கிற வெயிலில் இளகி நழுவும். கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தின்னரால் துடைத்து நன்றாக உலரவிட்டு, ஒட்டியபின் ரோலரால் காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்து. முழுவதும் ஒட்டத் தேவையில்லை. மடிப்புகளுக்கு இடையே உள்ள தட்டையான பகுதிகளின் நடுவில் ஒட்டினாலே பெரும் பலன் கிடைக்கும். விரல் முட்டியால் தட்டிப் பார், முன்பு 'ணங்' என்றது இப்போது 'தொப்' என்று அடங்கும். அப்படி அடங்காத இடத்தில் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம்.

அதன் கீழே 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கி நாராக்கிய கம்பளி), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, அதன் அலுமினியத் தாள் ஒட்டிய பக்கம் அறையைப் பார்த்து இருக்கட்டும். இணைப்புகளை டேப்பால் மூடு. இல்லாவிட்டால் அறையின் ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் வியர்த்து, கம்பளி நனைந்து தொங்கும். வேலை செய்பவர் கையுறையும் முகமூடியும் போடட்டும்.

பிறகு 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு, இரண்டு அடுக்கு. மேல் அடுக்கின் இணைப்பும் கீழ் அடுக்கின் இணைப்பும் ஒரே கோட்டில் வரக்கூடாது. ரப்பர் வைத்த ஹேங்கரில் தொங்கவிடு. கம்பியை இறுக்கிக் கட்டினால் அதிர்வு அதன் வழியாகவே இறங்கிவிடும். சுவரை ஒட்டி 5 மி.மீ. இடைவெளி விட்டு அக்ரிலிக் சீலன்ட்டால் (சந்தை அடைக்கும் பசை) நிரப்பு. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: இத்தனையும் செய்துவிட்டு, விளக்குக்காகப் போர்டில் பத்து ஓட்டை போடுவார்கள். சத்தம் அதன் வழியாக வந்துவிடும். போர்டை வெட்டாமல் அதன் அடிப்பரப்பில் பொருத்துகிற விளக்கே போதும்.

வராந்தாவின் பாலிகார்பனேட் (வெளிச்சம் விடும் பிளாஸ்டிக்) கூரைக்கு இதெல்லாம் பொருந்தாது, வெளிச்சம் போய்விடும். அங்கே சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து வீட்டுப் பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதில் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மழை விட்டபிறகும் விடிய விடிய 'டொக் டொக்' என்று கேட்கிறது என்றாயே, அது மழைநீர்க் குழாயின் வளைவில் சொட்டு விழுகிற சத்தமாக இருக்கும். குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றைத் தொங்கவிடு, தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கும்.

போர்டு மட்டுமே சதுர மீட்டருக்கு 18 கிலோ வரை வரும். ஆகவே பர்லினின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அளவு, இடைவெளி, நீளம் மூன்றையும் அளந்து எழுது. தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை போர்டு வாங்காதே.

அன்புடன்,
ராமு