நம்ம சிக்னலைப் பாதுகாப்பாகக் கடக்க வழி செய்தவர்களுக்கு நன்றி மடல்

வணக்கம்.

கடைசிக் கோடும் அடித்துத் தடுப்புகளை எடுத்தாகிவிட்டது. நம் நாற்சந்தியின் எல்லா முனைகளிலும் நடைபாதை இப்போது சாலையோடு சமமாகச் சேர்கிறது. நடுவில் நிற்க ஒரு மேடை இருக்கிறது. சைக்கிளுக்குத் தனி இடம் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். அளவுகளையும் சேர்த்தே எழுதுகிறோம். புதுச்சேரியிலும் சுற்று ஊர்களிலும் வேறு சந்தியில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

முதல் நன்றி கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு 1:12 என்பது விதி. ஒரு பங்கு உயரம் ஏற 12 பங்கு நீளம் வேண்டும். ஓரக்கல் 15 செ.மீ. உயரமாக இருந்தால் சாய்தளம் 180 செ.மீ. ஓட வேண்டும். நம் நடைபாதையின் அகலமே 180 செ.மீ.தான். சாய்தளம் அதை முழுக்க விழுங்கிவிட்டால், சாலையைக் கடக்காமல் நேரே நடந்து போகிறவரும் ஒவ்வொரு முனையிலும் பக்கச் சரிவில் கால் வைக்க வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்கு அது பெரும் துன்பம். இதற்கு வழி சொன்னவர் வயதில் மூத்த கொத்தனார். முனையில் மட்டும் சரிவைக் குத்திவிடாமல், சில மீட்டர் முன்பிருந்தே நடைபாதை முழுவதையும் மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டு வரலாம் என்றார். முனை முழுவதும் சாலை மட்டத்துக்கு இறங்கிவிட்டது. இப்படி இறக்கினால் கார் ஏறிவிடும் என்பதால் ஓரத்தில் குட்டைத் தூண்கள் நட வேண்டியிருந்தது. தூண்களுக்கு இடையே 1.2 மீட்டர் விட்டிருக்கிறோம். சக்கர நாற்காலி தாராளமாகப் போகும், கார் நுழையாது. மோட்டார் சைக்கிள் நுழையும், அதன் கைப்பிடி அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதைத் தடுக்க இடைவெளியைக் குறைத்தால் நாற்காலியில் வருகிறவர்தான் முதலில் மாட்டிக்கொள்வார். ஆகவே அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

சாலையும் சரிவும் சேரும் விளிம்பில் அரை அங்குலப் படி நின்றால்கூட நாற்காலியின் முன்பக்கச் சின்னச் சக்கரம் அங்கே சிக்கும். கொத்தனார்கள் ரசமட்டத்தோடு நிறுத்தாமல் ஒவ்வொரு முனையிலும் தள்ளுவண்டியை உருட்டிப் பார்த்துத் தட்டிச் சரிசெய்தார்கள். இந்த மட்டம் நிலைக்க வேண்டுமானால் ஒன்றை மறக்கக் கூடாது. அடுத்த முறை தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். மேலேயே போட்டால் சாலை உயர்ந்து நடைபாதை முனை பள்ளமாகிவிடும்.

பள்ளம் என்றதும் நன்றி தானாக வாய்க்கால் துப்புரவுத் தொழிலாளர்களிடம் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்கே நிற்கும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களுக்குத் தெரியும். சாலையோடு சமமாக இறங்கிய முனை, மழைக்காலத்தில் ஊரிலேயே தாழ்ந்த இடம். தண்ணீர் இறங்கும் வாய் அந்த முனையிலேயே இருந்தால், குப்பை அடைத்த நிமிடமே நடக்கிறவர் நிற்கும் இடம் குட்டையாகும். வாயை முனைக்கு முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில் வைக்கச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

கடக்கும் தூரத்தைக் குறைக்க முனைகளைச் சாலைக்குள் தள்ளிக் கட்டியபோது இன்னொரு சிக்கல் இருந்தது. பழைய ஓரக்கல்லை ஒட்டி ஓடும் தண்ணீரைப் புதுக் கட்டுமானம் அணை போல மறித்துவிடும். பழைய ஓரத்துக்கும் புது முனைக்கும் நடுவே கால்வாயை அப்படியே விட்டு மேலே மூடி போட்டிருக்கிறோம். மூடி 60 செ.மீ. சதுரம், 7.5 செ.மீ. கனம். ஒரு மூடி ஏறக்குறைய 67 கிலோ வரும், இரண்டு பேர் கம்பி மாட்டித் தூக்கலாம். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரே பலகையாக வார்த்தால் செலவு மிச்சம்தான். ஆனால் தூக்க இயந்திரம் வேண்டும், இயந்திரம் வரும்வரை யாரும் மூடியைத் திறக்கமாட்டார்கள், வாய்க்கால் மண்ணடித்துப் போகும். இரும்புச் சல்லடை வைத்த இடங்களில் கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் வைத்தால் மெல்லிய டயர் இடுக்கில் இறங்கி ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவார். பொருத்திய இரண்டு சல்லடைகளைத் திருப்பி வைத்த வெல்டிங் தம்பிக்குத் தனி நன்றி.

அடுத்து நகரப் பேருந்து, டெம்போ ஓட்டுநர்கள். சந்தியில் மிகப் பெரிய மாற்றம் முனையின் வளைவில்தான். வளைவு 12 மீட்டர் ஆரத்தில் இருந்தால் இடது பக்கம் திரும்புகிற கார் வேகத்தைக் குறைக்கத் தேவையே இல்லை. 5 மீட்டராகச் சுருக்கினால் குறைத்தே ஆக வேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி என்று வைத்தால், உலர்ந்த சாலையில் நிற்க சுமார் 13 மீட்டர் எடுக்கும். 15 கி.மீ. வேகத்தில் ஐந்தரை மீட்டர் போதும். இந்த ஏழரை மீட்டருக்குள்தான் கடக்கிறவர் இருக்கிறார்.

ஆனால் பேருந்து? வளைவைச் சுருக்கினால் அதன் முன்சக்கரம் ஒழுங்காகப் போனாலும் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டும். ஓரக்கல்லில் ஏறி, காத்து நிற்கிறவர் காலடிக்கே வரும். காங்கிரீட் போடுமுன் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளில் வளைவு வரைந்து கூம்புகள் வைத்தோம். இரவில் கடைசி நடை முடித்த ஓட்டுநர்கள் காலிப் பேருந்தை அதில் திருப்பிக் காட்டினார்கள். பின்சக்கரத்தின் தடம் சுண்ணாம்பில் தெளிவாக விழுந்தது. அந்தத் தடத்தை அப்படியே அளந்து, சொரசொரப்பான கருங்கல் பாவிய ஒரு தாழ்ந்த விளிம்பாகக் கட்டினோம். உயரம் 5 செ.மீ. பேருந்து தேவைப்பட்டால் அதன்மேல் ஏறிப் போகும். கார் ஓட்டுகிறவர் அந்தக் கரடுமுரடைத் தவிர்த்து வெளியே சுற்றி மெதுவாகத் திரும்புவார். தீயணைப்பு வண்டிக்கும் இதே தடம் போதும். நடக்கிறவர் நிற்கும் இடம் இந்த விளிம்புக்குப் பின்னால் தொடங்குகிறது. இந்த வேலை முழுவதிலும் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

போக்குவரத்துக் காவலர்களுக்கும் சிக்னல் பெட்டியைத் திறந்து நேரத்தை மாற்றிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. 16 மீட்டர் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 13 விநாடிக்கு மேல் எடுத்துக் கடப்பார். வழக்கமான கணக்கு அதோடு நின்றுவிடும். கோல் ஊன்றி வருகிறவர் 0.8 மீட்டர்தான் நடப்பார், அவருக்கு 20 விநாடி வேண்டும். வண்டிகள் நிற்கும் ஓரத்தில் இருபுறமும் முனையை 2 மீட்டர் சாலைக்குள் தள்ளியதும் கடக்கும் தூரம் 12 மீட்டராகி, 20 விநாடி 15 ஆனது. நடு மேடைக்கு 2 மீட்டர் போக இருபக்கமும் 5 மீட்டர்தான், பாதிச் சாலையைக் கடக்க ஆறு விநாடி சொச்சம். மேடை ஏன் 2 மீட்டர் என்று கேட்டவர்களுக்கு: ஒரு சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர். அதற்குக் குறைந்தால் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தை வண்டிக்கும் அப்படித்தான்.

நேரத்தில் செய்த மாற்றங்கள் இரண்டு. சிக்னலின் முழுச் சுற்றைச் சுருக்கியது ஒன்று. நடக்கிறவரை வெயிலில் 40 விநாடிக்கு மேல் நிறுத்தினால் பலர் சிவப்பிலேயே இறங்கிவிடுவார்கள். அதைக் கட்டுப்பாடின்மை என்று திட்டிப் பயனில்லை, நேரத்தைத்தான் திருத்த வேண்டும். மற்றொன்று, வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு ஐந்து விநாடி முன்பே நடக்கிறவருக்குப் பச்சை. இடது பக்கம் திரும்பும் வண்டி கிளம்பும்போது நடக்கிறவர் ஏற்கெனவே அதன் கண்ணுக்கு நேரே சாலையில் இருப்பார். கூடவே, சிவப்பிலும் நிற்காமல் இடது பக்கம் திரும்பலாம் என்ற பழைய சலுகையை எடுத்தார்கள். முதல் நாட்களில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. வெயிலில் நின்று பொறுமையாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய பெண் காவலர்களை இந்த ஊர் மறக்கக் கூடாது.

சைக்கிளுக்கு நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் 4 மீட்டர் ஆழத்தில் பச்சைக் கட்டமும், அதற்குப் போய்ச்சேர இடது ஓரமாக ஒன்றரை மீட்டர் தடமும் இருக்கின்றன. வலது பக்கம் திரும்ப வேண்டிய பிள்ளைகள் நடுச்சாலைக்குப் போக வேண்டாம். நேராகக் கடந்து, எதிர் முனையில் உள்ள சின்னக் கட்டத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, அந்தச் சாலையின் பச்சையோடு கிளம்பலாம். இதைக் காலைக் கூட்டத்தில் வரைந்து காட்டிப் பழக்கிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கு நன்றி. பச்சைக் கட்டத்தில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்பது இன்னும் தீரவில்லை. காலி இடம் தெரிந்தால் நுழையும் பழக்கத்தைப் பெயின்ட் மட்டும் மாற்றாது. கட்டத்துக்குப் பின்னால் நிற்கத் தொடங்கியிருக்கும் இருசக்கர வாகனக்காரர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஒருவர் நின்றால் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், காலை வேளையில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

பார்வையற்ற நண்பர்கள் கோலோடு நடந்து காட்டியிராவிட்டால், அவர்களுக்கு வழிகாட்ட நடைபாதையில் பதித்த மஞ்சள் ஓடுகள் வீணாகியிருக்கும். ஓடு 30 செ.மீ. சதுரம். கோடு போட்டது ‘போ’, புள்ளி போட்டது ‘நில்’. பல இடங்களில் வழியில் ஒரு மூடி வந்தால் ஓடுகளை அதைச் சுற்றி வளைத்துப் பதிப்பார்கள், அல்லது நேரே கொண்டுபோய் மின்கம்பத்தில் முட்டவிடுவார்கள். வளைவு வந்தால் பார்வையற்றவர்களுக்குத் திசை தப்பும். இங்கே கோடு நேராகப் போகிறது, வழியிலிருந்த கம்பத்தை மின்துறை ஊழியர்கள் ஓரத்துக்கு நகர்த்திக் கொடுத்தார்கள். தலைக்கு நேரே தொங்கிய கடைப் பலகைகளைக் கேட்டவுடனே உயர்த்திய வணிகர்களுக்கும் நன்றி. கோல் தரையைத்தான் தொடும், நெற்றி உயரத்தில் இருப்பதைச் சொல்லாது.

பூக்கடை அம்மாக்களையும் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களையும் இந்த வேலை இடம் மாற்றியது. துரத்தவில்லை. தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் பிழைப்புக்குப் பாதுகாப்புத் தருகிறது. சாலையைக் கடக்கும் இடமான கடவைக்கு இருபுறமும் 10 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் குழந்தைகள்தான். நின்றிருக்கும் ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து இறங்கும் ஏழு வயதுப் பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. பூக்கூடைகளுக்குச் சுவரோரமாக ஒரு பட்டை, ஆட்டோக்களுக்குச் சந்தி தாண்டி நிழலில் வரிசை. ஒத்துக்கொண்டதோடு விடாமல், பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதும் அவர்களே.

சந்தியில் ஆட்களை எண்ணிக் கொடுத்த கல்லூரி மாணவர்கள் கால் மணி நேரத்துக்கு ஒரு தாள் வைத்து, எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்று பிரித்து, ஞாயிற்றுச் சந்தைக் கூட்டத்தையும் விடாமல் எழுதினார்கள். வண்டியை மட்டும் எண்ணாமல் மனிதரை எண்ணியதால்தான் நடக்கிறவர்களுக்குப் போதிய அகலத்தைக் கேட்க முடிந்தது. கேட்கும் மனுவை எழுதித் தந்த வழக்கறிஞர்கள், கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதை முதல் பத்தியிலேயே வைத்தார்கள்: நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி.

கோடு அடித்தவர்கள் உருகிய பெயின்டை 180 முதல் 200 டிகிரிச் சூட்டில் இறக்கினார்கள். கனம் இரண்டரை மி.மீ. இரவில் ஒளிரும் கண்ணாடி மணிகளை அது இறுகுமுன்பே தூவ வேண்டும். தார் ஈரமாக இருந்தால் ஆவி கிளம்பிக் கொப்பளம் வரும், தூசி இருந்தால் தகடாகப் பெயர்ந்துவிடும். அதற்காகவே மழை விட்ட மறுநாள் அடிக்க மறுத்து, சாலை காயும்வரை காத்திருந்தார்கள். வரிகள் 50 செ.மீ., இடைவெளி 50 செ.மீ. கூடுமானவரை சக்கரங்கள் இடைவெளியில் விழும்படி தொடங்கியிருப்பதால் சீக்கிரம் தேயாது.

2024 கோடையில் பொதுப்பணித்துறை சிக்னல்களில் கட்டிய பச்சை வலைப் பந்தல் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த சித்திரைக்குள் நடக்கிறவர் காத்து நிற்கும் முனைகளுக்கும் நிழல் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பந்தல் கால்கள் மஞ்சள் ஓட்டிலிருந்து தள்ளி நட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இன்னும் மேற்கு முனை விளக்கு பாக்கி. கடவைக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் நடக்கிறவர் நிழலுருவாகத்தான் தெரிவார். வண்டி வரும் பக்கத்தில் சில மீட்டர் முன்னால் இருந்தால் முகம் தெரியும். கம்பம் வந்துவிட்டது, இணைப்பு கொடுக்க வேண்டும். வாய்க்கால் மூடிகளைத் தூக்கி மண் எடுக்கும் வேலை புரட்டாசி முடிவதற்குள் நடக்கும். கைகொடுக்க விரும்புகிறவர்கள் ஆட்டோ ஸ்டாண்டில் பெயர் சொல்லிவிட்டுப் போகலாம். கம்பியும் கையுறையும் அங்கேயே இருக்கும்.

நன்றியுடன்,
சந்தியைச் சுற்றி வாழ்பவர்கள்
புதுச்சேரி