கழுகின் பழைய பெயர்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு பெர்கனில் வேலை கிடைத்த செய்தியில் எங்கள் வீடே மகிழ்ந்தது. என் முழங்கால் வலி இப்போது தேவலை. ஸ்காட்லாந்தின் மல் தீவு வரை போய்வந்தேன்.

அங்கே வெண்வால் கழுகைப் பார்த்தேன். எட்டடிக்குச் சிறகை விரித்துக் கடலின் மேல் தாழ்ந்து வந்தது. கால்களை மட்டும் நனைத்துக்கொண்டு, மீனோடு மேலே எழுந்தது. உன் நார்வேயில் அதை 'ஹாவ்ஓர்ன்', கடற்கழுகு, என்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அன்றிலிருந்து அந்த 'ஓர்ன்' என்னை விடவில்லை. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் அதே சொல்தான். டச்சுக்காரர்களுக்கு 'ஆரெண்ட்'. ஜெர்மனில் பழைய 'ஆர்' கவிதையோடு நின்றுவிட்டது. 'உயர்குடி' என்னும் அடைமொழியோடு ஒட்டி அது 'ஆட்லர்' ஆகிவிட்டது. பறவையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'ஓர்னிஸ்' கூட இதற்குத் தூரத்து உறவு.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'எயர்ன்' இருந்தது. 937-இல் நடந்த புரூனன்பர் போரைப் பாடிய பழைய கவிதையில், களத்தில் கிடந்த பிணங்களைத் தின்ன வருகிறது 'பின்புறம் வெளுத்த எயர்ன்'. வாலின் வெள்ளையைக் கவனித்துச் சொன்ன அந்தப் பெயரறியாக் கவிஞனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மல் தீவில் நான் பார்த்ததும் அதே வால்தான்! பிறகு பிரெஞ்சு வழியாக 'ஈகிள்' வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய சொல் ஸ்காட்டுகளின் பேச்சில் 'எர்ன்' என்றும், தென் இங்கிலாந்தின் சசெக்ஸில் எர்ன்லி போன்ற ஊர்ப்பெயர்களிலும் தங்கியது. எர்ன்லி என்றால் கழுகுக் காடு.

சொல்லுக்குப் பின்னால் பறவையும் போனது. ஆட்டுக்குட்டிகளைத் தூக்குகிறது என்று சுட்டும் நஞ்சு வைத்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் அடியோடு ஒழித்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் ரம் தீவில் மீண்டும் குடியேற்றத் தொடங்கியபோது குஞ்சுகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? உன் நார்வேயிலிருந்துதான்! பழைய பெயர் இன்னும் அன்றாடம் புழங்கும் நாட்டிலிருந்து. 1985-இல் மல் தீவில், காட்டிலேயே பிறந்த முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது.

ஜூலையில் நாங்கள் நார்வேக்கு வருகிறோம். லோஃபோடன் தீவுகள் பக்கம் படகில் கூட்டிப்போவதாகச் சொன்னாயே, டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. வல்லூறுக்கு உங்கள் ஊரில் 'ஹவ்க்', ஜெர்மனில் 'ஹாபிக்ட்' என்கிறார்களே, அதைப் பற்றியும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
முருகேசன்