அது கம்பி அல்ல, ஆரக்கால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாட்டுப் பொங்கலன்று உங்கள் நாளிதழின் கடைசிப் பக்கத்தில் வந்த மாட்டு வண்டிப் படத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அருமையான படம். சக்கரத்தில் ஒட்டிய சேறு வரைக்கும் தெரிகிறது. ஆனால் கீழே, ‘சக்கரத்தின் மரக் கம்பிகளுக்கு வர்ணம் பூசும் விவசாயி’ என்று போட்டிருந்தீர்கள். அது கம்பி அல்ல, ஆரக்கால். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு மற்ற வார்த்தைகளும் விடமாட்டேன் என்கின்றன.

என் அப்பா வண்டித் தச்சர். கரூர் பக்கம், அமராவதிக் கரையில் எங்கள் ஊர். வீட்டை ஒட்டிய வேப்பமரத்தடிதான் பட்டறை. கருவேல மரத்தை அறுத்து நாள்பட ஆறப்போட்டு, அதில் குடம் செதுக்குவார். சக்கரத்தின் நடுவில் இருக்கிறதே, அதுதான் குடம். அதில் 12 ஆரக்கால் இறங்கும். ஆரக்காலின் மறுமுனையில் வட்டை என்கிற வளைந்த மரத்துண்டு, இரண்டு காலுக்கு ஒன்றாக 6. அதைச் சுற்றி இரும்புப் பட்டா.

பட்டா கட்டும் நாளில் நாங்கள் பள்ளிக்கூடம் போகமாட்டோம். சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டாவைக் கொஞ்சம் சிறியதாகவே அடித்து வைத்திருப்பார்கள். வரட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, இரும்பு நன்றாகப் பழுத்ததும் மூன்று பேர் குறட்டால் பிடித்துத் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் குப்பென்று புகையும். உடனே பிள்ளைகள் நாங்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பட்டா சுருங்கி இறுக இறுக, ஆரக்கால் ஒவ்வொன்றும் குடத்துக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். அப்போது உள்ளிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அப்பா பீடியைப் பற்றவைப்பார்.

அச்சின் முனையில், சக்கரம் கழன்று ஓடிவிடாமல் செருகுவது கடையாணி. கடை என்றால் முனை. பெயரிலேயே அதன் இடம் இருக்கிறது. சந்தைக்குப் போகிற வழியில் வண்டி நின்றபோதெல்லாம், இருட்டானாலும் அப்பா இறங்கி இரண்டு பக்கமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். போன வருடம் என் பேத்தி பள்ளிக் கண்காட்சிக்கு அட்டையில் வண்டி செய்தாள். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதி ஒட்டினாள். வகுப்பு ஆசிரியை ‘கடையாணி’யை அடித்துவிட்டு ‘பின்’ என்று எழுதச் சொல்லிவிட்டார். “அப்படி ஒரு வார்த்தையே இல்லையாமே தாத்தா?” என்று கேட்டாள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

நான் 17 வயதில் பஸ் பாடி கட்டும் வேலைக்குப் போய்விட்டேன். அதற்கும் பட்டறை என்றுதான் பெயர், அதில் எனக்கு ஒரு சந்தோஷம். பஸ்ஸின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளை ஒருநாள் அப்பா வந்து பார்த்துவிட்டு, “இது வில்லுதானேப்பா” என்றார். ஆமாம், அந்த வில் இருப்பதால்தானே அது வில்வண்டி! பாரம் ஏற்றுவதிலும் அப்படித்தான். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, மாட்டை அதில் பூட்டும் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இதைத் தெரிந்து லோடு ஏற்றிய பழைய லாரிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் லாரி கவிழ்ந்தால் உங்கள் நிருபர்கள் ‘குடை சாய்ந்தது’ என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் மாட்டு வண்டி கவிழ்ந்தால் சொன்ன சொல் அது. தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காரை ‘பிளஷர்’ என்று சொல்லும் கிழவிகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904 வாக்கில் அங்கேதான் அந்த மாற்றுச் சக்கரத்தைச் செய்தார்கள். நம் மெக்கானிக்குகளின் வாயில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் புறநானூற்றின் 102ஆம் பாட்டைப் பாருங்கள். உப்பு வண்டி ஓட்டும் உமணர்கள், மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஔவையார் அதற்குச் சொல்லும் பெயர் ‘சேம அச்சு’. இன்றைக்கும் எத்தனையோ லாரிகளில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில்தான் தொங்குகிறது. ஒரு தமிழ் ஐயா எனக்கு இதைச் சொன்னபோது நான் ரிட்டயர் ஆகியிருந்தேன். பட்டறையில் இருந்த காலத்திலேயே தெரிந்திருந்தால் பையன்களுக்குச் சொல்லியிருப்பேன்.

சரி, நான் கேட்பது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கத்துக்கு ஒரு மாட்டு வண்டியை வரைந்து, பாகங்களின் பெயரைப் போடுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். வண்டியிலிருந்து நுகத்தடி வரை நீளும் மரத்தை நாங்கள் ஏர்க்கால் என்போம், அதையே ‘போல் மரம்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மாறுவதையும் போடுங்கள். வாசகர்களிடம் கேட்டால் எழுதுவார்கள்.

அப்பாவோடு வேலை செய்தவர்களில் ஒருவர் மட்டும் எங்கள் ஊரில் இருக்கிறார். வயது 86. காது மந்தம். ஆனால் ஒரு சக்கரத்தின் பக்கத்தில் உட்காரவைத்தால், குடத்திலிருந்து பட்டா வரை கையால் தடவித் தடவிப் பெயர் சொல்வார். உங்கள் நிருபர் யாராவது வந்தால் நானே அழைத்துப் போகிறேன். காலையில் வரச் சொல்லுங்கள், மதியத்துக்கு மேல் அவர் படுத்துவிடுவார்.

இப்படிக்கு,
பஸ் பாடி பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர்,
கரூர்.