ஒரு தோணியையாவது கரையில் நிறுத்தி வையுங்கள்

வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும், தூத்துக்குடி மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் வணக்கம்.

பழைய துறைமுகத்துக்கு நடந்து போகும் தொலைவில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். சரக்கேற்றிக் கடலோடும் பெரிய மரக்கலமான நம் தோணிகளில் ஓட்டத்திலிருந்து ஓயும் ஒன்றை, அது விறகுக்காக உடைபடும் முன் விலைக்கு வாங்கி, பழைய துறைமுகத்திலேயே கூரையிட்டு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நம் கடற்கரையில் துறைமுகங்கள் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. பாண்டியரின் கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடலை இழந்து, இன்று உள்நாட்டுச் சிற்றூராக இருக்கிறது. அதற்குப் பின் செழித்த, மார்க்கோ போலோ எழுதிவைத்த காயலும் அப்படியே தூர்ந்து போயிற்று. கொற்கை முத்தைப் பாடிய சங்கப் பாடல்கள் நம்மிடம் உள்ளன. அந்த முத்து ஏறிப்போன கலத்தின் ஒரு பலகைகூட நம் கையில் இல்லை. தூத்துக்குடித் தோணிக்கும் அந்தக் கதி நேர்ந்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறேன்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரும், 1658இல் டச்சுக்காரரும், 1825இல் நிலையாக ஆங்கிலேயரும் இந்த ஊரைக் கைக்கொண்டார்கள். முத்தும் சங்கும் பருத்தியும் அவர்களை இழுத்தன. ஆனால் மன்னார் வளைகுடாவின் தீவுகள் அலையை அடக்கிக் கொடுத்தாலும், கரையோரத்தில் கடல் ஆழமில்லை. நீராவிக் கப்பல்கள் பல மைல் தள்ளியே நங்கூரமிட்டன. பொதிகளை அங்கே கொண்டு சேர்த்ததும் அங்கிருந்து இறக்கி வந்ததும் தோணிகள்தாம். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு வாங்கிய காலியா, லாவோ கப்பல்களின் சரக்கும் தோணியில்தான் கரை சேர்ந்திருக்கும். அந்த வரலாற்றைச் சொல்லும்போது கப்பலின் பெயரை நினைவில் வைத்திருக்கும் நாம், அதனருகே அணைந்து நின்ற தோணியை மறந்துவிடுகிறோம்.

ஏறத்தாழ 4 கி.மீ. நீளத்தில் கடலுக்குள் நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களுக்கிடையே எழுந்த புதிய துறைமுகம், 1974இல் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் தளத்திலேயே வந்து அணைந்தன. அதனால் ஊருக்கு வேலையும் தொழிலும் பெருகின என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதன் பிறகும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணிகள், இன்ஜின் பொருத்திக்கொண்டு பழைய துறைமுகத்தைக் கைவிடாமல் இருந்தன.

என் தாத்தா தோணி வேலைக்குப் போனவர். சிறுவனாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கரையேற்றிச் சாய்த்திருந்த தோணியின் அடியில் நின்றிருக்கிறேன். தோணி கட்டும் தச்சரான ஓடாவி ஒருவர் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார். தட்டும் ஓசை மாறியதும் கையை நிறுத்தினார். இடுக்கு நிறைந்துவிட்டதை அந்த ஓசையிலேயே அவர் அறிந்தார் என்று தாத்தாதான் சொன்னார். அவ்வளவு பெரிய கலத்துக்கு வரைபடம் என்று ஒரு தாளும் அங்கே இருந்ததில்லை. அளவெல்லாம் அவர் மனக்கணக்கிலும் கைமுழத்திலும் இருந்தது.

ஆகவே தோணியை மட்டும் நிறுத்தினால் போதாது என்பதையும் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். இன்னும் நம்மிடையே இருக்கும் முதிய ஓடாவிகளையும், தோணியைச் செலுத்தும் தலைவர்களான தண்டல்களையும் தேடிச் சென்று, அவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பாய்க்கும் வழங்கிய சொற்களை அவர்கள் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போட வழியில்லை. மரத்தைவிட மனிதர்கள் விரைவில் போய்விடுகிறார்கள். நிறுத்தும் தோணிக்கு ஆண்டுதோறும் எண்ணெய் பூசிப் பழுது பார்க்கும் பொறுப்பை அவர்கள் பிள்ளைகளுக்கே ஊதியத்துடன் கொடுத்தால், அந்தக் கைவேலையும் ஒரு தலைமுறையேனும் நீடிக்கும்.

ஆகஸ்ட் 5ஆம் நாள் பனிமய மாதா பேராலயத் திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்து மக்கள் திரண்டு வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் ஏறிப் பார்க்க ஒரு தோணி வேண்டும். அதற்கு முன் தாங்கள் இருவரும் ஒரு மாலை பழைய துறைமுகத்துக்கு வர இயலுமானால், எந்தத் தோணி, எந்த இடம் என்று உடன் வந்து காட்ட நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடிக் குடிமகன் ஒருவன்