பதினோராம் வகுப்புக் கணிதத் தேர்வு: பெற்றோருக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இடைப்பருவத் தேர்வின் கணித விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து, பலர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறீர்கள்: வகுத்தலில் பிழை இல்லையே, மதிப்பெண் மட்டும் ஏன் இல்லை? நியாயமான கேள்விதான்.

கணக்கு, 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலைப் பற்றியது. புள்ளியியல் வகுப்புகளில் பரவலாக வழங்கும் பட்டியலின்படி கப்பலில் இருந்தவர்கள் 2,201 பேர். பிழைத்தவர்கள் 711 பேர். முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர், இரண்டாம் வகுப்பில் 285 பேரில் 118 பேர், மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேர், பணியாளர்கள் 885 பேரில் 212 பேர். இதை இருவழி அட்டவணையாகக் கொடுத்து, முதல் வகுப்புப் பயணி ஒருவர் பிழைத்திருப்பதற்கான நிகழ்தகவைக் கேட்டிருந்தோம்.

விடை 203/325, ஏறத்தாழ 0.62. பல பிள்ளைகள் 203/711 என்று எழுதி 0.29 கண்டிருக்கிறார்கள். பிழைத்தவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர் முதல் வகுப்புப் பயணியாக இருக்கும் நிகழ்தகவு அது. நாங்கள் கேட்டது அதுவல்ல. சிலர் 2,201-ஆலும் வகுத்திருக்கிறார்கள். தொகுதி, அதாவது பின்னத்தின் மேல் எண், எல்லோருக்கும் 203தான். பகுதியில், அதாவது கீழ் எண்ணாக, எதைப் போடுவது என்பதுதான் நிபந்தனை நிகழ்தகவுப் பாடமே; ஒரு குறிப்பிட்ட குழுவுக்குள் மட்டும் பார்த்து வாய்ப்பைக் கணக்கிடுவது அது. அதனால் பாதி மதிப்பெண் தரவும் ஆசிரியர் மறுத்தார். நானும் அவர் பக்கம்தான்.

வீண் கண்டிப்பு என்று தோன்றினால் பணியாளர் வரிசையைப் பாருங்கள். நான்கு பிரிவுகளில் பிழைத்தோர் எண்ணிக்கை அதிகம் அங்கேதான். முதல் வகுப்பைவிட ஒன்பது பேர் கூடுதல். 711-ஆல் வகுப்பவர், தப்பிக்கும் வாய்ப்பு பணியாளர்களுக்கே அதிகம் இருந்தது என்று முடிவு கட்டிவிடுவார். 885-ஆல் வகுத்தால் 0.24. மூன்றாம் வகுப்பையும்விட ஒரு படி கீழே, எல்லாவற்றிலும் கடைசி.

வீட்டில் நீங்கள் சூத்திரம் சொல்லித்தர வேண்டியதில்லை. “தேர்ச்சி பெற்றவர்களில் இத்தனை பேர் எங்களிடம் படித்தவர்கள்” என்று பயிற்சி மையத்தின் துண்டறிக்கை ஏதாவது வந்தால், அதைப் பிள்ளையிடம் கொடுத்து, அங்கே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா எனக் கேளுங்கள். பெரும்பாலும் அதற்கான எண் அந்தத் தாளில் இருக்காது.

மறுமதிப்பீடு கிடையாது. இந்தப் பாடத்துக்கு மட்டும் வரும் சனிக்கிழமை காலை சிறப்பு வகுப்பு நடைபெறும். கையொப்பமிட்ட விடைத்தாளை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்