எங்கள் மெயில் உங்கள் கணினியில்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மீனவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஒருவன் எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தில் விடுபட்டவர்களின் வங்கிக் கணக்குத் திருத்தங்களை மெயிலில் அனுப்பினோம். தாளில் வாங்க மாட்டோம், மெயிலில்தான் அனுப்ப வேண்டும் என்று சொன்னது உங்கள் அலுவலகம். அனுப்பியதில் ஒன்றுகூடச் சேரவில்லை என்று எங்களுக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் எப்போது வந்து கேட்டாலும் "அப்படி ஒரு மெயிலே வரலையே" என்கிறார்கள். வந்திருக்கிறது ஐயா. உங்கள் பிரிவின் மேசைக் கணினியில், மெயில் பார்க்கிற தண்டர்பேர்ட் மென்பொருளில், கணினியிலேயே மெயிலைச் சேர்த்து வைக்கிற லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் கிடக்கிறது. அதை வெளியே எடுத்து, வந்த தேதியிலேயே பதிவு செய்யுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

தங்கச்சிமடம் பக்கத்து அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும். படகு நின்றால் கூலியும் இல்லை. அந்த நாட்களுக்கென்று அரசு தருகிற 8000 ரூபாய் அவர்களுக்கு வரவில்லை. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறிப் பதிவாகியிருக்கிறது, காரணம் அவ்வளவுதான். பாஸ்புக்கின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து திருத்தம் கேட்டு அனுப்பினோம்.

அந்த அக்கா கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றுகிற நாட்களில்தான் பாசி கைக்கு எட்டும். உங்கள் அலுவலகத்தில் வரச் சொன்னது அப்படி ஒரு நாளில். வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றுவார்கள், அந்தத் தடம் கையில் அப்படியே இருந்தது. நாங்கள் அனுப்பிய மெயிலை, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி அச்செடுத்து பாலிதீன் கவரில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். "இது நீங்க அனுப்பினதுக்கு ஆதாரம்மா, எங்களுக்கு வந்ததுக்கு ஆதாரம் இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. காதுத்தோடு ஏற்கெனவே அடகில் இருக்கிறது, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் ஒரு குடும்பம் எந்த ஆதாரத்தைக் கொண்டுவர முடியும்?

வந்ததற்கு ஆதாரம் உங்களிடமே இருக்கிறது. உங்கள் பிரிவு எழுத்தர் நல்ல மனதோடு திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்பாக்ஸில் நூற்றுச் சொச்சம் மெயில்தான் தெரிந்தது. அதே இன்பாக்ஸின் ப்ராப்பர்ட்டீஸைத் திறக்கச் சொன்னேன். வட்டில் அதன் அளவு 3 ஜிபிக்கு மேல் என்றிருந்தது. திரையில் இருந்ததெல்லாம் இணைப்பு இல்லாத சின்னச் சின்ன மெயில்கள். அவை சேர்ந்து 3 ஜிபி ஆகாது.

தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரின் மெயில் எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே கோப்பில் எழுதி வைக்கிறது. எதைத் திரையில் காட்டுவது என்பதற்குப் பக்கத்திலேயே எம்எஸ்எஃப் என்று முடிகிற அட்டவணைக் கோப்பு ஒன்று இருக்கும். மின்சாரம் போய்க் கணினி பாதியில் அணைந்தால் அந்த அட்டவணை கெட்டுப்போகலாம். அப்போது உள்ளே இருக்கிற மெயில் திரைக்கு வராது. ஏலக்கூடத்தில் கணக்கு நோட்டு நனைந்துபோனால் மீனே வரவில்லை என்று யாரும் சொல்வதில்லை, கூடையைத் திறந்து பார்ப்பார்கள். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றார்கள். அந்தத் தேடலும் ஓர் அட்டவணையை வைத்துத்தான் நடக்கிறது, அதில் ஏறாத மெயில் தேடலில் வராது.

உங்கள் செல்பேசியில் பார்த்தும் இல்லை என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். உண்மையாகத்தான் இருக்கும். அந்தக் கணினி பாப் என்கிற முறையில் மெயிலை சர்வரிலிருந்து தனக்குள் இறக்கி வைத்துக்கொள்கிறது. இறக்கிய பிறகு சர்வரிலிருந்து அழித்துவிடும்படி அமைத்திருந்தால், அந்த மெயில் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் இருக்கும். செல்பேசியிலோ வேறு கணினியிலோ எவ்வளவு தேடினாலும் வராது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. முதலில் தண்டர்பேர்டை மூடிவிட்டு அதன் மெயிலும் அமைப்புகளும் இருக்கிற ப்ரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் வெளி வட்டில் நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்கும் வரை யாரும் 'கம்பாக்ட்' அழுத்தக் கூடாது. இதைக் கையெடுத்துக் கேட்கிறேன். தெரியாமல் டெலீட் செய்து, குப்பையையும் காலி செய்த மெயில்கூட அந்தக் கோப்பிலிருந்து உடனே போவதில்லை. கோப்பில் அந்த மெயிலின் தலைப்பகுதியில் இருக்கும் 'எக்ஸ்-மோசில்லா-ஸ்டேட்டஸ்' என்ற வரியில் 0008 என்று ஒரு குறி மட்டும் விழும், மெயில் அங்கேயே இருக்கும். கம்பாக்ட் செய்தால்தான் நிஜமாகவே போய்விடும். இடம் மிச்சம் பிடிக்கலாமா என்று தண்டர்பேர்டே கேட்கும், பழக்கத்தில் சரி என்று அழுத்திவிடுவோம். அப்படி அழுத்தினால் இத்தனை குடும்பங்களின் மனு போனது போனதுதான்.

நகல் எடுத்த பிறகு, வியூ மெனுவில் திரெட்ஸ் என்பதில் 'ஆல்' இருக்கிறதா என்று பார்க்கட்டும். 'அன்ரெட்' என்றிருந்தால் படித்த மெயில் எல்லாம் மறைந்துவிடும். சில மெயிலை மட்டும் வடிகட்டிக் காட்டுகிற குவிக் ஃபில்டரையும் எடுத்துவிட வேண்டும். அப்புறம் ப்ராப்பர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' அழுத்தினால் அட்டவணை புதிதாக எழுதப்படும். அதற்கும் வராதவை டெலீட் குறி விழுந்தவையாக இருக்கலாம். நகலில் அந்தக் குறியை 0000 என்று மாற்றி, எம்எஸ்எஃப் கோப்பை நீக்கிவிட்டுத் திறந்தால் அவையும் தெரியும். விவரம் தெரிந்த ஒருவருக்கு ஒரு மதியம் போதும்.

தாளில் மனு கொடுத்த காலத்தில் தபால் பிரிவில் முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டு கையில் இருந்தால் எந்த அலுவலகத்திலும் தைரியமாகப் பேசலாம். மெயிலுக்கு மாறியதும் அந்தச் சீட்டு போய்விட்டது. வந்ததா இல்லையா என்பது அலுவலகத்தின் சொல்லாக மட்டும் ஆகிவிட்டது. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகளின் பதிவுச் சான்றும் இதே வழியில்தான் அலுவலகங்களுக்குப் போகிறது. அதுவும் இப்படி ஒரு ஃபோல்டரில் மறைந்தால், சிறையில் இருக்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு யார் போய்ப் பதில் சொல்வது? கடலில் கிடந்து பிழைக்கிறவன் கணினியையும் கற்றுக்கொண்டு, அலுவலகக் கணினியின் கோளாறையும் தானே நிரூபிக்க வேண்டும் என்றால் அது நியாயம் இல்லை.

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பணிவோடு கேட்கிறோம்: அந்தக் கணினியில் கம்பாக்ட் செய்ய வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். நகல் எடுத்து லோக்கல் ஃபோல்டர்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்கிற மனுக்களை அவை வந்த தேதியிலேயே பதிவு செய்து, விடுபட்டவர்களின் துணைப் பட்டியலில் சேருங்கள். உங்கள் ஆட்கள் முன்னிலையில், நீங்கள் சொல்கிற நாளில் வந்து இதைச் செய்து காட்ட நான் தயார். காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கடற்கரையில் மனு எழுதுகிறவன்