குளிர்கால விடுமுறையில் சிற்றூர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்கால விடுமுறை பற்றிய செய்திகள் பெரும்பாலும் மாநகரங்களின் அலங்கார விளக்குகளோடும் கடைவீதிக் கூட்டத்தோடும் நின்றுவிடுகின்றன. சிற்றூர்களில் இதே நாட்கள் வேறு விதமாகக் கழிகின்றன. ஒரே ஒரு மருந்துக்கடையும், நாளுக்கு ஓரிரு முறை மட்டுமே வரும் பேருந்தும் உள்ள ஊரில், இரண்டும் ஒரே சமயத்தில் நின்றுபோனால், இன்சுலின் தீர்ந்துபோன முதியவர் யாரிடம் போய் நிற்பார்? கால்நடை வளர்ப்போருக்கோ விடுமுறையே கிடையாது. பண்டிகையன்றும் விடியுமுன் எழுந்து, தொட்டியில் உறைந்த நீரை உடைத்துவிட்டுத்தான் தீவனம் வைக்க வேண்டும்.

வட அரைக்கோளத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-ஆம் தேதியை ஒட்டி வருவதால், விடுமுறை தொடங்கும்போதே குளிரும் இருளும் சேர்ந்துகொள்கின்றன. அப்போது கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு அறைக்குள் கரி மூட்டுவது மிகவும் ஆபத்தானது. அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடக்கூடியது. குளிர்ப் பகுதிகளில் வீட்டினுள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது. தனித்து வாழும் முதியோர் பலருக்கு அதற்கான எரிபொருள் செலவே பெரும் சுமை.

ஆகவே, மருந்துக்கடை, மருத்துவர், பேருந்து ஆகியவற்றின் விடுமுறைக்கால நேரங்களை உள்ளூர் நிர்வாகங்கள் ஒரே தாளில் அச்சிட்டு, ஒரு வாரம் முன்னதாகவே வீடுதோறும் சேர்க்க வேண்டும். தங்கள் நாளிதழும் அவற்றை வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்